கையால் தீட்டி, ஊசியால் கோடு கட்டிய கம்பளிப் பட்டுச் சால்வை: வாங்கலாமா?

வாங்கலாம், தாராளமாக வாங்கலாம், ஆனால் விற்பவர் சொல்லும் பெயரைக் கேட்டு அல்ல, துணியைத் திருப்பிப் பார்த்து. குளிர்காலத்தில் கோவையில் போடுகிற கைவினைக் கண்காட்சி ஒன்றில் காஷ்மீர்க்காரர் கடையில் எங்க அம்மாயிக்காக (அம்மாவின் அம்மா) எடுத்தேன். கம்பளியும் பட்டும் கலந்த நெசவு, 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், உடம்பு, அதாவது சால்வையின் நடுப்பகுதி, சந்தன நிறம். இரண்டு தலைப்பிலும் மாங்காயும் கொடியுமாகக் கையால் சாயம் தீட்டி, ஒவ்வொரு பூவின் ஓரத்திலும் ஊசி வேலை. 9,000 ரூபாய் சொன்னார்கள், பேசி 7,200க்கு முடிந்தது.

எனக்கு வேலை திருப்பூரில் பீஸ் செக்கிங், தைத்து வரும் துணியில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது. எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத்தான் பார்ப்பேன். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி என்றால் பின்னால் பாபின் நூல், அதாவது மெஷினின் அடிநூல், தெரியும், முன்பக்கம் என்ன நிறமாக இருந்தாலும் பெரும்பாலும் அது வெள்ளைதான், எல்லாப் பூவிலும் ஒரே சீராக ஓடியிருக்கும். இந்தச் சால்வையில் முன்னால் இருக்கிற அதே நிற நூல்தான் பின்னாலும். ஒரு பூ முடிந்து பக்கத்துப் பூவுக்கு நூல் தாவிய இடம் தெரிகிறது, நூல் தீர்ந்து புது நூல் கோத்த இடம்கூடத் தடவினால் தட்டுப்படுகிறது. சோஸ்னி என்று காஷ்மீரில் சொல்கிற மெல்லிய ஊசி வேலை இது, தையல் ஒவ்வொன்றும் எள்ளளவுதான்.

அப்புறம் அந்த ஓவியம். ஒரு இதழை மட்டும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். சிவப்புச் சாயம் நடுவில் வெளுத்து, ஓரத்தில் ஒதுங்கி அடர்த்தியாகக் காய்ந்திருக்கிறது, ஈரம் கூடுதலாக இருந்தால் சாயம் அப்படித்தான் ஒதுங்கும். ஒரு பக்கம் வரைந்த கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் கசிந்தும் இருக்கிறது. தைத்தவர் அந்த இடத்தில் வரைந்த கோட்டின் மேலேயே போகாமல், கசிந்த விளிம்பிலேயே நூலை ஓட்டியிருக்கிறார், அதனால் அந்த ஒரு இதழ் மட்டும் மற்றதை விடக் கொஞ்சம் குண்டாக இருக்கிறது. தீட்டிய கையை மதித்துத் தைத்த கை அது, எனக்கு இந்தச் சால்வையில் ரொம்பப் பிடித்த இடமும் அதுதான். பிரிண்ட்டா, கைவேலையா என்று சந்தேகம் வந்தால் இரண்டு தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பாருங்க. பிரிண்ட்டில் பிசகுகூட ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும்.

கடையில் இதைக் கலம்காரி என்றார்கள். காளஹஸ்தியில் கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய பருத்தித் துணியில் வரைகிறார்களே, அந்த முறை இது இல்லை. கம்பளிக்கும் பட்டுக்கும் சாயமே வேறு.

இப்போது என் வருத்தம். சால்வையில் தொங்கிய அட்டையில் 'பியூர் பஷ்மினா' என்று போட்டிருந்தது. பஷ்மினா என்பது லடாக்கின் சாங்தாங் மேட்டில் மேய்கிற ஆட்டின் அடிமயிர், 16 மைக்ரானுக்கு மேல் தடிமன் போகக் கூடாது. காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008 முதல் புவிசார் குறியீடும் உண்டு, சோதித்து முத்திரை கொடுக்க ஸ்ரீநகரில் மையமும் இருக்கிறது. கம்பளிப் பட்டு அந்தக் கணக்கில் வராது. கேட்டதும் "அக்கா, இது மிக்ஸ்" என்று உடனே ஒப்புக்கொண்டார்கள், சரி, ஆனால் கேட்காமல் வாங்கிப் போகிறவர்கள் எத்தனை பேர்? இவ்வளவு நல்ல வேலைக்கு எதற்குப் பொய்ப் பெயர் என்று ஆதங்கமாக இருந்தது. பஷ்மினாதான் என்று மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டினால் மயங்கிவிடாதீங்க, மெல்லிசாக நெய்த கம்பளிப் பட்டும் நுழையும். நூலைக் கொளுத்திப் பார்ப்பதிலும் பாதி விஷயம்தான் தெரியும். கம்பளி, பட்டு, பஷ்மினா மூன்றுமே முடி கருகிய வாடை அடித்துப் பொடியாக உதிரும், அக்ரிலிக், பாலியஸ்டர் மட்டும் உருகிக் கெட்டியாக உருண்டை பிடிக்கும். பில்லில் 'கம்பளி பட்டு, கையால் தீட்டியது, கை எம்பிராய்டரி' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்க. நான் கேட்டேன், எழுதிக் கொடுத்தார்கள்.

உண்மையில் நம்ம ஊருக்குக் கலப்புதான் தோது. பொள்ளாச்சிப் பக்கம் மார்கழி விடியலில் குளிர்காற்று அடிக்கும்போது ஒரு போர்வை வேண்டும், ஆனால் ஒன்பது மணி வெயிலில் முழுக் கம்பளி தோளில் நிற்காது. இது நிற்கிறது. அம்மாயி முதலில் "ஏங்கண்ணு, இத்தனை லேசா இருக்குது, குளிரு தாங்குமா?" என்று கேட்டார், இப்போது கோயிலுக்கு இதைப் போர்த்திக்கொண்டுதான் போகிறார். ஊட்டிக் குளிருக்கு மட்டும் உள்ளே ஸ்வெட்டர் வேண்டும்.

சாயம் எப்படி? நனைத்த வெள்ளை பனியன் துணியை ஒவ்வொரு நிறத்திலும் அழுத்திப் பார்த்தேன். சிவப்பும் பச்சையும் ஒட்டவில்லை, நாவல்பழ நிறம் லேசாக ஏறியது. அதனால் வீட்டில் துவைக்கும் யோசனையே வேண்டாம், டிரை கிளீனிங் மட்டும். சென்ட்டும் மேலே அடிக்காதீங்க. பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்க, அந்துருண்டை துணியில் நேரடியாகப் படக்கூடாது, மடிப்பை அவ்வப்போது மாற்றுங்க, இல்லாவிட்டால் பட்டு மடிப்பிலேயே இற்றுப்போகும். கம்பளி, பட்டு இரண்டுமே அந்துப்பூச்சிக்குப் பிடித்த தீனி என்பதால் பீரோவில் போட்டு மறந்துவிடவும் கூடாது.

நிறம் எடுக்கும்போது வெளிர் உடம்பாகப் பார்த்து எடுங்க. அதே கடையில் மெரூனும் கருநீலமும் இருந்தன, தையல் பளிச்சென்று தெரிந்தது, தீட்டிய சாயம் எடுபடவே இல்லை. சித்திக்கு ஒன்று எடுக்க வேண்டும், வெளிர் சாம்பலில் கிடைக்குமா என்று அடுத்த கண்காட்சியில் பார்க்கணும்.