பெயர் தேடலுக்கு இண்டெக்ஸ்: சேர்வரை ஓடவிட்டுப் போடுவதா, நிறுத்திவிட்டுப் போடுவதா?

ஹட்டனில் நான் பார்த்துக்கொள்கிற ஓப்பன்எல்டாப் சேர்வரில் (பயனர் கணக்குகளை வைத்திருக்கும் டைரக்டரி மென்பொருள்), பெயருக்கு சப்ஸ்ட்ரிங் இண்டெக்ஸ் (பெயரின் துண்டை வைத்து விரைவாகத் தேட உதவும் அட்டவணை) இல்லாமல் வெகுநாள் ஓட்டிவிட்டோம். பதிவு கவுண்டரில் இருக்கிற தங்கச்சி ஒருநாள், "அண்ணே, லெட்சுமின்னு அடிச்சா சுத்திக்கிட்டே இருக்கு" என்றார். லாக்கைத் திறந்தால் வரிக்கு வரி 'நாட் இண்டெக்ஸ்ட்'.

தோட்டத்துப் பிள்ளைகளின் பெயரை முழுதாக அடித்துத் தேடுவது நடக்காத காரியம். லெட்சுமி என்ற ஒரே பெயர் ஆங்கில எழுத்தில் ஒருவருக்கு 'ஐ'யில் முடியும், இன்னொருவருக்கு 'வை'யில் முடியும். அப்பா பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். துண்டுப் பெயரைப் போட்டுத் தேடுவதுதான் வழி. அதற்கு முழுப்பெயரைப் பொருத்திப் பார்க்கும் 'ஈக்யூ' இண்டெக்ஸ் போதாது, துண்டைத் தேடும் 'சப்' வேண்டும். கவுண்டரில் இருப்பவரிடம் இதையும் சொல்லிவையுங்கள்: பெயரின் நடுத்துண்டைத் தேடுவதென்றால் குறைந்தது நான்கு எழுத்தாவது அடிக்க வேண்டும். ஓப்பன்எல்டாப்பின் இயல்பு அமைப்பு அது. இதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான 389 டைரக்டரி சேர்வரில் மூன்று போதும்.

கமாண்ட் லைனில் இதற்கு இரண்டு பாதை. சேர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்டாப்மாடிஃபை கட்டளை கொண்டு கான்ஃபிக்கில் (சேர்வரின் அமைப்பு விவரத்தில்) இண்டெக்ஸ் வரியை மாற்றலாம். பழைய பதிவுகளுக்கான இண்டெக்ஸைப் பின்னணியில் அதுவே கட்டிக்கொள்ளும், தேடுகிறவர்களுக்கும் தடை இல்லை. இல்லையென்றால் சேர்வரை நிறுத்திவிட்டு, இண்டெக்ஸைக் கட்டும் ஸ்லாப்இண்டெக்ஸ் கட்டளையை ஓட்டலாம். வசதி என்று பார்த்தால் முதலாவதுதான். நானும் முதலில் அதைத்தான் செய்தேன்.

ஜூன் மாதம். தென்மேற்குப் பருவமழை, காற்று. லக்சபானவில் கரண்ட் உற்பத்தியாகிறது, அதன் பக்கத்திலேயே இருக்கிற எங்களுக்கு மரம் லைனில் விழுந்தால் இருட்டுதான். இண்டெக்ஸ் பாதியில் இருந்தபோது கரண்ட் போனது, யூபிஎஸ் பேட்டரி தாங்கவில்லை. கரண்ட் வந்ததும் சேர்வர் தானாக எழும்பியது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை, தேடலும் மின்னல் வேகம். நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போனேன்.

மூன்றாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. ஒரு பிள்ளைக்கு இரண்டு கணக்கு. பதிவு எண்ணைப் போட்டால் பழைய கணக்கு வருகிறது, பெயரின் துண்டைப் போட்டால் வரவில்லை. ஆள் இல்லை என்று நினைத்துக் கவுண்டரில் புதிதாகப் பதிந்துவிட்டார்கள். வேலை முடியுமுன் சேர்வர் நின்றுபோனால் மீதியை ஸ்லாப்இண்டெக்ஸ் கொண்டு நாமேதான் முடிக்க வேண்டும். இது கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. கான்ஃபிக்கில் வரி ஏறிவிட்டதால், சேர்வர் அந்த அரைகுறை இண்டெக்ஸை முழுசு என்று நம்பிப் பதில் சொல்கிறது. மெதுவான தேடலைப் பற்றி யாராவது வந்து புகார் சொல்வார்கள். இருக்கிற ஆளை இல்லை என்று சொல்கிற தேடலை யாரும் சந்தேகப்படுவதில்லை. நான் பாதை மாறியது இதற்காக மட்டும்தான்.

இப்போது எல்லாம் இரவில். முதலில் ஸ்லாப்கேட் கட்டளையால் தரவு முழுவதற்கும் ஒரு பிரதி. பிறகு சேர்வரை நிறுத்துவதோடு சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் 'டிஸேபிள்' செய்வேன். நடுவில் கரண்ட் போய் வந்தாலும் சேர்வர் தானாக எழும்பி அரைகுறை இண்டெக்ஸோடு பதில் சொல்லத் தொடங்கக்கூடாது. கான்ஃபிக் வரியை, சேர்வர் நின்றிருக்கும்போது மாற்ற உதவும் ஸ்லாப்மாடிஃபை கொண்டு மாற்றுகிறேன், அது ஓப்பன்எல்டாப் 2.5 பதிப்பில் இருந்து இருக்கிறது. அடுத்து ஸ்லாப்இண்டெக்ஸ், வேண்டிய புலத்தின் பெயரை மட்டும் கொடுத்து. இந்த இரண்டையும் ரூட்டாக (மெஷினின் தலைமைப் பயனராக) ஓட்டாதீர்கள், சேர்வர் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அதே பெயரில் ஓட்டுங்கள். ரூட்டாக ஓட்டினால் ஸ்லாப்இண்டெக்ஸே எச்சரிக்கும்; அனுமதிச் சிக்கலில் சேர்வர் எழும்பாமல் போகலாம். வேகத்துக்கென்று 'கியூ' தெரிவு ஒன்று இருக்கிறது. நம் பக்கத்துக்கு அது ஆகாது: இடையில் தடைப்பட்டால் தரவுத்தளமே பயன்படாமல் போய்விடலாம். அது இல்லாமல் ஓட்டி, கரண்ட் போனால் திரும்ப முதலில் இருந்து ஓட்டுகிறேன். எங்கள் அளவுக்குச் சில நிமிட வேலைதான்.

389 டைரக்டரி சேர்வரைச் சோதனை மெஷினில் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டிஎஸ்காண்ஃப் கட்டளை ஸ்லாப் கருவிகளைவிடத் தெளிவு. இண்டெக்ஸ் சேர்க்கும்போதே 'ரீஇண்டெக்ஸ்' தெரிவையும் கொடுக்கலாம். அதை மறந்தால் பழைய பதிவுகளுக்கு நீங்கள் தனியாக ரீஇண்டெக்ஸ் ஓட்ட வேண்டும். இண்டெக்ஸ் இல்லாத தேடலை ஆக்சஸ் லாகில் 'நோட்ஸ்' என்று குறித்துக் காட்டுவது எனக்கு மிகவும் பிடித்தது.

இரவு பகல் பாராமல் லாகின் நடக்கிற ஆஸ்பத்திரி மாதிரி இடத்தில் சேர்வரை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அங்கே ரெப்ளிகா (அதே தரவை வைத்திருக்கும் இன்னொரு சேர்வர்) ஒன்று இருந்தால் ஒன்றை நிறுத்தி முடித்துவிட்டு மற்றதைத் தொடலாம். இண்டெக்ஸ் அமைப்பு ரெப்ளிகாவுக்குத் தானாகப் போகும் என்று இருந்துவிடாதீர்கள், வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு சேர்வரிலும் தனித்தனியாகப் போட வேண்டும். எங்களிடம் இருப்பது ஒரே மெஷின். அந்தப் பிள்ளையின் இரண்டு கணக்கையும் ஒன்றாக்க எனக்கு ஒரு பின்நேரம் முழுக்கப் போனது.