பாகம் வாங்கப் போய் இருந்த போல்ட்டையும் இழந்தேன்

தாத்தாவின் வேட்டை ரைஃபிளில் போல்ட்டில் (குழலின் பின்பக்கத்தை மூடும், கைப்பிடியால் தள்ளும் உருளையில்) இருக்கும் எக்ஸ்ட்ராக்டரின் (சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே இழுக்கும் பாகத்தின்) கொக்கி முனை உடைந்துவிட்டது. உடைத்தது நான்தான். தோட்டாவை மேகசினில் போடாமல் நேராகச் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழியில்) வைத்து போல்ட்டைத் தள்ளி மூடினேன். பழைய மவுசர்களில் தோட்டா மேகசினிலிருந்து மேலே வரும்போதே அதன் விளிம்பு கொக்கிக்கு அடியில் வழுக்கி நுழைய வேண்டும். கொக்கியை விளிம்பின் மேல் ஏற வைத்தால் இப்படி உடையக்கூடும். சரி, அது என் தப்பு.

பழைய துப்பாக்கிப் பாகங்கள் விற்கும் ஒருவருக்குப் பக்கவாட்டில் எடுத்த ஒரே ஒரு படத்தை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில்: “இது மவுசர் 98. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.” கொக்கி மட்டும் தனியாக இல்லையாம், முழு போல்ட்தான் இருக்கிறதாம். பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வாராம். ரிசீவர் (போல்ட் உள்ளே ஓடும் உலோக உடல்) மேல் இருந்த முத்திரைகளை யாரோ எப்போதோ மெருகேற்றும்போது தேய்த்து அழித்திருந்தார்கள், அதனால் என்னிடமும் எதிர்க்கேள்வி இல்லை. பல நாடுகளில் போல்ட்டும் உரிமத்துக்கு உட்பட்ட பாகம். அவர் என் உரிமத்தைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்ததிலேயே நம்பிக்கை வந்துவிட்டது. கொடுத்துவிட்டேன்.

வந்த போல்ட் கடைசியில் கொஞ்சம் பாக்கி இருக்கும்போது இடித்து நின்றது. கூப்பிட்டுக் கேட்டால், “கைப்பிடிக்கு முன்னால் ஒரு சின்னப் புடைப்பு இருக்குமே, அதை அரத்தால் தேய்த்து எடுத்துவிடுங்கள்” என்றார். அந்தப் புடைப்புதான் 98-இன் மூன்றாவது லக் (போல்ட்டைப் பிடித்து நிறுத்தும் புடைப்பு). முன்னால் உள்ள இரண்டும் உடைந்துபோனால் போல்ட் பின்னால் பாய்ந்து முகத்தில் அடிக்காமல் தடுப்பதற்கென்றே வைத்தது. இதைத் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா? எது உண்மையானாலும் அவரிடம் யாரும் பாகம் வாங்காதீர்கள்.

அப்புறம்தான் துப்பாக்கி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். துப்பாக்கியின் மரக்கட்டையைக் கழற்றி, ரிசீவரின் முன்வளையத்தை அளந்தார்: 33 மி.மீ. வழக்கமான 98-இல் கிட்டத்தட்ட 36 இருக்கும். “இதை மட்டும் நம்பாதே தம்பி, சின்ன வளையத்தோடும் 98 உண்டு” என்றவர், “பழைய போல்ட்டில் எப்போது ஸ்பிரிங் எதிர்க்கும்? கைப்பிடியைத் தூக்கும்போதா, தள்ளி மூடும்போதா?” என்று கேட்டார். மூடும்போதுதான். 98-ஆக இருந்தால் தூக்கும்போதே காக் ஆகிவிடும், அதாவது சுடும் ஊசியின் ஸ்பிரிங் இழுபட்டுத் தயாராகிவிடும். ரிசீவருக்குள்ளும் மூன்றாவது லக்குக்கு இடமே இல்லை. ஸ்வீடன் ராணுவத்தின் 1896 மாதிரியைப் பிற்பாடு வேட்டைக்காக மாற்றியிருக்கிறார்கள். இது வழக்கமான 98 இல்லை என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு அளவும் ஒரு கேள்வியும் உள்ளே ஒரு பார்வையும் போதுமாக இருந்தது.

விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை, “பொருத்திப் பார்த்த கீறல் இருக்கிறது” என்றார். என் பழைய போல்ட்டை அதற்குள் வேறு யாருக்கோ விற்றுவிட்டாராம்.

நீங்கள் பாகம் தேடினால், போல்ட்டை வெளியே எடுத்து நாலு பக்கமும் படம் எடுங்கள். கட்டைக்கு அடியில் மறைந்திருக்கும் எண்களையும் விடாதீர்கள். புதியது பொருந்தும்வரை பழையதைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், உடைந்ததாக இருந்தாலும். போல்ட்டையே மாற்றினால் ஹெட்ஸ்பேஸ் கேஜ் (மூடிய போல்ட்டுக்கு முன்னால் தோட்டாவுக்கு உள்ள இடம் சரியா என்று சோதிக்கும் அளவுக்கட்டை) வைத்துப் பார்க்காமல் சுடவே கூடாது. பெரியவர் தேடிக் கொடுத்த முதல் 1896 போல்ட் அந்த இடம் அதிகமா என்று காட்டும் ‘நோ-கோ’ கேஜ் மேலேயே முழுதாக மூடியது, மூடவே கூடாது. இரண்டாவதுதான் தேறியது.

இப்போது ரைஃபிள் சுடுகிறது. ரிசீவரில் 417 என்று முடியும் எண், போல்ட் கைப்பிடியில் 082: இரண்டும் வேறு வேறு துப்பாக்கியுடையவை.