முதல் ரிமோட் ஹெலிகாப்டர்: நான்கு வருடம் பறக்கவிட்ட பிறகு

என்னிடம் இப்போது மூன்று ரிமோட் ஹெலிகாப்டர்கள் இருக்கின்றன. முதலில் வாங்கியது ஒரே தண்டில் மேலும் கீழுமாக இரண்டு ரோட்டர் (தூக்கும் விசிறி) சுற்றும் கோஆக்ஸியல். அடுத்தது ஒற்றை ரோட்டர், நான்கு சேனல் (அதாவது நான்கு வித அசைவுகளைத் தனித்தனியாக இயக்கலாம்), முப்பது கிராம் சொச்சம் எடை. கடைசியாக வந்தது பறக்கும்போதே பிளேடின் கோணத்தை மாற்றும் கலெக்டிவ் பிட்ச். இன்று யாராவது வந்து "முதலில் எதை வாங்கலாம்?" என்று கேட்டால் தயங்காமல் அந்த முப்பது கிராம் ஹெலியைத்தான் கையில் கொடுப்பேன்.

கோஆக்ஸியலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு ரோட்டரும் எதிரெதிர்த் திசையில் சுற்றுவதால் உடல் தானாகச் சுழலாது. மேலே இருக்கும் ஃப்ளைபார் கம்பி அதைச் சமநிலையில் பிடித்துக்கொள்ளும். ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டுவிட்டாலும் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். முதல் நாளே அறையைச் சுற்றி வந்து தரையில் இறக்கிவிட்டேன், அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. குழந்தைகளுக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் மூன்று சேனல்தான்: ஏறும் இறங்கும், திரும்பும், முன்னே பின்னே போகும். பக்கவாட்டில் நகராது. என்னுடையது இன்ஃப்ராரெட்டில் இயங்குவது, ஜன்னல் வெயில் பட்டாலே சிக்னல் அறுந்துவிடும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஆறு மாதம் அதை ஓட்டிவிட்டு எனக்குப் பறக்கவிடத் தெரியும் என்று நம்பிவிட்டேன். அதுதான் சிக்கல்.

ஒற்றை ரோட்டர் ஹெலியில் த்ராட்டிலை, அதாவது ரோட்டர் வேகத்தைக் கூட்டும் ஸ்டிக்கை, ஏற்றிய மூன்றாவது நொடியில் அது வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. பிறகுதான் காரணம் புரிந்தது. ரோட்டர் ஒரு பக்கம் சுற்றினால் உடல் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். அதைத் தடுக்க வால் ரோட்டர் காற்றைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் ஹெலி முழுவதையும் ஒரு பக்கமாக நகர்த்தும். அதற்கு ஈடாக எய்லரான் ஸ்டிக்கை, அதாவது ஹெலியை இடம் வலம் சாய்க்கும் ஸ்டிக்கை, கொஞ்சம் எதிர்ப்பக்கம் பிடித்திருக்க வேண்டும். கோஆக்ஸியலில் இந்தப் பாடமே வராது.

இன்னொன்று தரை. ரோட்டர் வட்டத்தின் விட்டம் அளவு உயரம் தாண்டும்வரை, ஹெலி தானே கீழே தள்ளிய காற்றில் தானே தள்ளாடும். புதிதாக ஓட்டுபவர் பயந்து பயந்து த்ராட்டிலை ஏற்றுவார், ஹெலி சரியாக அந்த மோசமான உயரத்திலேயே தத்தளிக்கும். ஒரு வாரம் எனக்கும் இதுதான் நடந்தது. ஒருநாள் துணிந்து ஒரே மூச்சில் இடுப்பு உயரத்துக்கு ஏற்றினேன். சட்டென்று அடங்கி நின்றது. பத்து நொடி. வால் என்னைப் பார்த்தபடி, லேசாக மிதந்துகொண்டு. அந்தப் பத்து நொடிக்கு வலது கை என்ன செய்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது: ஸ்டிக்கை ஒரு நூல் தள்ளி, ஹெலி அசையத் தொடங்கியதுமே திருப்பி எடுத்து, எதிர்ப்பக்கம் அதில் பாதி. நகர்வு நின்றபின் திருத்தினால் தாமதம்.

1970 வாக்கில் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் ரேடியோ ஹெலியை நிலையாகப் பறக்கவிட்டபோது வாலை அடக்க எலக்ட்ரானிக் கைரோ (சுழலத் தொடங்குவதை உணர்ந்து திருத்தும் கருவி) கிடையாது. எல்லாம் கைதான். இன்று சின்னஞ்சிறு சர்க்யூட் பலகைக்குள் கைரோ உட்கார்ந்து வாலைப் பிடித்துக்கொள்கிறது. அதை நினைத்தால் அவர் மேல் மரியாதை கூடுகிறது.

நான்கு வருடத்தில் இந்தச் சின்ன ஹெலிக்கு மாற்றியவை: ஐந்து ஜோடி பிளேடு, ஒரு மெயின் ஷாஃப்ட் (ரோட்டரைச் சுற்றும் தண்டு), இரண்டு டெயில் மோட்டார். எடை குறைவு என்பதால் மோதினாலும் பெரிதாக உடையாது. ஒரே நிபந்தனை, விழப்போகிறது என்று தெரிந்ததும் த்ராட்டிலைச் சுழிக்கு இறக்கிவிட வேண்டும். காப்பாற்றப் பார்த்து ஏற்றினால்தான் ஷாஃப்ட் வளையும். டெயில் மோட்டார் தேய்வது வேறு கதை. பிரஷ் உள்ள குட்டி மோட்டார், ஓய்வில்லாமல் பேட்டரி மாற்றி மாற்றி ஓட்டினால் சூட்டிலேயே ஆயுள் போய்விடும். என்னுடையதில் மூக்கு தானாக இடப்பக்கம் திரும்ப ஆரம்பித்தது, டிரிமை (ஸ்டிக்கின் நடுநிலையைத் திருத்தும் பொத்தானை) கடைசிவரை தள்ளியும் நிற்கவில்லை. புது மோட்டாரின் முடி போன்ற கம்பிகளை வால் குழாய்க்குள் நுழைக்க ஒரு மணி நேரம் திண்டாடினேன். இரண்டாவது தடவை, பழைய கம்பியின் முனையில் தையல் நூலைக் கட்டி உருவினேன். நூல் உள்ளே தங்கியது, அதில் புதுக் கம்பியைக் கட்டி இழுத்தேன். ஐந்து நிமிட வேலை. சால்டர் வைத்து ஒட்டும்போது கம்பி இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், அதை மட்டும் பாருங்கள்.

அதனால் வாங்கும் முன் நான் பார்ப்பது உதிரி பாகம் கிடைக்கிறதா என்பதைத்தான். பிளேடு, டெயில் மோட்டார், மெயின் கியர், ஷாஃப்ட் நான்கும் தனித்தனியாகக் கிடைக்காத மாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்து பேட்டரி. ஒரு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்), நிறைந்தால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். ஆறேழு நிமிடத்தில் ஹெலி ஏறச் சோம்பினால் உடனே இறக்கிவிடுங்கள். முழுச் சார்ஜில் இரண்டு மாதம் போட்டுவைத்த ஒன்று உப்பிப்போனது. இப்போது 3.8 வோல்ட்டில்தான் வைக்கிறேன். கழற்றி மாட்டும் பேட்டரியாக நான்கைந்து இருக்கட்டும். ஆறு நிமிடம் ஓட்டிவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தால் கை பழகாது.

இப்போது வரும் நான்கு சேனல் ஹெலிகள் பலவற்றில் உயரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதை அணைக்க முடிந்தால் வாங்கலாம். முடியாதென்றால் என் ஓட்டு வேறொன்றுக்கு, த்ராட்டில் கை கடைசிவரை எதுவும் கற்றுக்கொள்ளாது.

கலெக்டிவ் பிட்சை இரண்டு வருடம் கழித்துத்தான் எடுத்தேன். தலைகீழாகக்கூடப் பறக்கும், காற்றையும் தாங்கும். ஆனால் தொட்டால் பாயும் பிராணி அது. பிளேடு வேகமும் அதிகம், ஆட்கள் பக்கத்தில் இருந்தால் ஏற்றவே மாட்டேன். மோட்டாரை ஒரே தட்டில் நிறுத்தும் த்ராட்டில் ஹோல்ட் சுவிட்சில் விரல் இருந்துகொண்டே இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் இதையே முதலாவதாக வாங்கினார். ஒரு வாரத்தில் அலமாரிக்குப் போனது, இன்றுவரை இறங்கவில்லை. கணினியில் பறக்கவிட்டுப் பழகும் சிமுலேட்டரில் இருபது மணி நேரமாவது ஓட்டிவிட்டு வந்திருந்தால் கதை மாறியிருக்கும்.

நோஸ்-இன் ஹோவர், அதாவது ஹெலியின் மூக்கு நம்மைப் பார்த்திருக்க நிறுத்துவது, எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. இடம் வலம் மாறிப்போகும், மூளை குழம்பும். வால் பக்கம் பழகி, பிறகு சாய்வாக, பிறகு பக்கவாட்டாக என்று மெல்லத் திருப்பினேன். மூக்கு என்னைப் பார்க்கும்போது ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டேன்: ஹெலி எந்தப் பக்கம் சரிகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு. இப்போதும் தினம் இரண்டு பேட்டரி அந்தப் பயிற்சிக்குத்தான், அதுவும் மூன்றாவது டெயில் மோட்டாரில் ஓடும் அதே சின்ன ஹெலியில்.