ஞானப்பல் எடுத்த பிறகு வலி திரும்பி வந்ததா? "நார்மல்தான்" என்று அனுப்பிவிட்டால் நம்பாதீர்கள்

ஞானப்பல் எடுத்த பிறகு குறைந்துகொண்டு வந்த வலி மறுபடி ஏறி, முன்பைவிட அதிகமாகிக் காது வரை போனால், "பல் எடுத்தா வலிக்கத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வாயைத் திறந்து குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்க மாட்டோம் என்றால் அன்றைக்கே வேறு பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். எனக்கு இதைச் சொல்ல அப்போது ஆள் இல்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கீழ்த்தாடையில் இடது பக்கம், பாதி வெளியே தெரிந்தும் பாதி ஈறுக்குள்ளேயும் படுத்துக் கிடந்த பல் அது. சுற்றியிருந்த ஈறு அடிக்கடி வீங்கிச் சீழ் வைத்ததால் எடுக்க வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தத் தொல்லையும் தராத மற்ற மூன்றையும் "சேர்த்தே எடுத்துடலாம் மேடம், எப்படியும் ஒருநாள் தொல்லை குடுக்கும்" என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. பிரிட்டனில் நைஸ் என்ற அரசு அமைப்பு, நோய் ஏதும் இல்லாத புதைந்த ஞானப்பற்களை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் எடுக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2000-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. மருத்துவர்களுக்குள் இதில் கருத்து வேறுபாடு உண்டுதான். அப்படியிருக்க, வலிக்காத பல்லை எடுக்கச் சொன்னால் "இந்தப் பல்லில் இப்போது என்ன கோளாறு?" என்று கேளுங்கள். எக்ஸ்ரேயில் காட்டிச் சொல்லட்டும்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். தாடை முழுவதும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி. திரையில் ஒரு கணம் வந்து போனது, யாரும் எதையும் விளக்கவில்லை. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு கால்வாய் போல வழி இருக்கிறது. அதற்குள் ஓடும் நரம்புதான் கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு கொடுக்கிறது. ஞானப்பல்லின் வேர் சிலருக்கு அந்தக் கால்வாயை ஒட்டியே இருக்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை அப்படியே விட்டுவிடும் முறையும் இருக்கிறது, அதற்குக் கரோனெக்டமி என்று பெயர். இதெல்லாம் பின்னால் வேறொரு மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் படத்தில் வேர் கால்வாயைத் தொட்டுக்கொண்டிருந்தது.

சம்மதப் படிவத்தை எப்போது நீட்டினார்கள் தெரியுமா? மரப்பு ஊசி போட்டு, உதடு தடித்துப் பேச்சு குழற ஆரம்பித்த பிறகு. நாற்காலியில் சாய்ந்து படுத்திருக்கிறேன், மேலே விளக்கு கண்ணைக் கூசுகிறது, கழுத்தில் பிளாஸ்டிக் துணி. ஒரு அட்டையில் செருகிய தாளைக் காட்டி "இங்க ஒரு கையெழுத்து மட்டும்" என்றார் உதவியாளர். நரம்பு பாதிக்கப்படலாம் என்ற வரி அந்தத் தாளில் இருந்திருக்கிறது. படிக்க முடியாத நேரத்தில் கொடுத்த தாளுக்குப் பெயர் சம்மதம் இல்லை. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் முதல் நாளே வாங்கி வீட்டில் வைத்துப் படியுங்கள்.

ஆபரேஷனைப் பற்றி எனக்குக் குறை இல்லை. எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போட்டார்கள். கைத்தொழில் தெரிந்தவர்தான். அதற்கு அப்புறம்தான் அந்தக் கிளினிக்கின் உண்மையான முகம் தெரிந்தது. பஞ்சைக் கடிக்கவைத்து, ஒரு அரைத்தாளைக் கையில் திணித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். சாதாரணமாகப் பல் பிடுங்கியவர்களுக்குக் கொடுக்கும் தாள் அது. இரவில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு எண் கூட அதில் இல்லை.

அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். பஞ்சை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நன்றாகக் கடித்திருக்க வேண்டும், அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. முதல் நாள் எச்சிலில் லேசாக ரத்தம் கலந்து வருவது வழக்கம். வாய் நிறையச் சிவப்பாக ஊறிக்கொண்டே இருந்தால் அது வழக்கம் இல்லை. ஈரப்படுத்திய சுத்தமான பஞ்சை மடித்து, குழியின் மேல் வைத்து மறுபடி அழுத்திக் கடித்தும் நிற்கவில்லை என்றால் உடனே போக வேண்டும். முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கவே கூடாது. வேகமாகத் துப்புவது, உறிஞ்சுகுழல் வைத்துக் குடிப்பது, புகைபிடிப்பது எல்லாமே குழியில் உறைந்திருக்கும் ரத்தக்கட்டியைப் பெயர்த்துவிடக்கூடும். அந்தக் கட்டிதான் கீழே இருக்கும் எலும்புக்கும் நரம்பு நுனிகளுக்கும் மூடி. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து, தலையை மெதுவாகச் சாய்த்து, தானாக வழிய விட வேண்டும். ஐஸ் ஒத்தடம் முதல் நாளுக்குத்தான், விட்டு விட்டு வைக்கலாம். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு வடியும். வாய் சரியாகத் திறக்காமல் இறுகிக் கிடப்பதும் ஒரு வாரம் வரை இருக்கலாம். இவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

எனக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. வீக்கம் வடிய ஆரம்பித்து, மாத்திரையின் இடைவெளி நீண்டு, சரி, முடிந்தது என்று நினைத்தபோது ஒரு ராத்திரி வலி எழுப்பிவிட்டது. பல் இருந்த இடத்தில் தொடங்கி, தாடை வழியாகக் காதுக்குள் போய்த் துடித்தது. தலையணையில் கன்னம் பட முடியவில்லை. வாயில் ஒரு கெட்ட ருசி, எவ்வளவு கழுவினாலும் போகாத நாற்றம். விடிந்ததும் கிளினிக்குக்கு போன் செய்தேன்.

ரிசப்ஷனில் இருந்தவர், டாக்டரிடம் கேட்காமலேயே, "பல் எடுத்தா வலி இருக்கும் மேடம், நார்மல்தான். மாத்திரைய ரெண்டு ரெண்டா போடுங்க" என்றார். எனக்கு எழுதிக் கொடுத்திருந்தது ஏற்கெனவே இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை, அதில் பாராசிட்டமாலும் இருந்தது. பெரியவர்களுக்கே பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஈரலைப் பாதிக்கும். உடல் எடை குறைந்தவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் வரம்பு இன்னும் கீழே. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்ததால் நான் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. பல் வலிக்கு ஐபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்து நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் ஐபுபுரூஃபனைத் தொடக் கூடாது. அளவைக் கூட்டச் சொல்லும் உரிமை ரிசப்ஷனுக்குக் கிடையாது.

மறுபடி போன் செய்தேன். இந்தத் தடவை டாக்டர் சொன்னதாகச் சொல்லி வேறொரு ஆன்டிபயாட்டிக்கின் பெயரை அனுப்பினார்கள். ஒருவரும் என் வாயைப் பார்க்கவில்லை. நேரில் போய் நின்றேன். நீண்ட நேரம் காக்க வைத்து, ஒரு இளம் மருத்துவர் வந்து, விளக்கைக் கூடச் சரியாகத் திருப்பாமல் கன்னத்தை வெளியே இருந்து அழுத்தினார். "வீக்கம் இல்லையே, நல்லாதான் ஆறுது" என்றார். அதற்குத் தனியாக ஆலோசனைக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் தங்கச்சி போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். "அக்கா, உள்ள கறுப்பா ரத்தம் எதுவும் இல்ல. அடியில வெள்ளையா, சாம்பல் கலர்ல ஏதோ தெரியுது" என்றாள். அது எலும்பு. எல்லா வெள்ளையும் எலும்பு இல்லை, ஆறும் குழியின் மேல் வெளிறிய படலம் படிவது உண்டு. ஆனால் வலி ஏறுவது, நாற்றம், காலியான குழி மூன்றும் சேர்ந்தால் அது என்ன என்று எந்தப் பல் மருத்துவருக்கும் தெரியும். டிரை சாக்கெட். ரத்தக்கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போய் எலும்பு வெறுமையாகத் தெரியும் நிலை. பெரும்பாலும் பல் எடுத்த ஒன்றிலிருந்து ஐந்து நாட்களுக்குள் தலைகாட்டும். கீழ் ஞானப்பல்லில்தான் இது அதிகம் வரும். புகைபிடிப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், கஷ்டப்பட்டு எடுக்க வேண்டியிருந்த பற்களுக்கும் வாய்ப்பு கூடுதல். எல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் வரும், அதனால் உங்களுக்கு வந்தால் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். 1896-லேயே பல் மருத்துவ இதழில் எழுதப்பட்ட பிரச்சினை இது. தெரியாமல் விட்டுவிட்டோம் என்று ஒரு கிளினிக் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

அன்று மாலையே வேறொரு பல் மருத்துவரிடம் போனோம். அவர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்த உடனே சொல்லிவிட்டார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்துக் குழியைக் கழுவினார், சிக்கியிருந்த உணவுத் துணுக்கு வெளியே வந்தது. பிறகு மருந்தில் தோய்த்த மெல்லிய துணிப்பட்டை ஒன்றைக் குறட்டால் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக மடித்து உள்ளே வைத்தார். கிராம்பு எண்ணெயின் வாசனை மூக்கில் ஏறியது. நாற்காலியை விட்டு எழுவதற்குள் காதுக்குள் துடித்துக்கொண்டிருந்தது அடங்கிவிட்டது. இதைச் செய்ய அவருக்குச் சில நிமிடங்கள்தான் ஆனது. அந்தச் சில நிமிடங்களைத் தர மனமில்லாமல்தான் முதல் கிளினிக் என்னை ராத்திரி ராத்திரியாக உட்கார வைத்திருந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

டிரை சாக்கெட்டுக்கு ஆன்டிபயாட்டிக் முதன்மையான மருந்து இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். கழுவுவது, மருந்துப் பட்டை வைப்பது, தேவைப்பட்டால் ஓரிரு நாளில் அதை எடுத்து மாற்றுவது, வலிக்கு மாத்திரை, அவ்வளவுதான். குழி தானாகவே ஆறிவிடும். வீட்டில் நீங்களாகவே கிராம்பு எண்ணெயைக் குழிக்குள் ஊற்றிவிடாதீர்கள், அது சதையைச் சுட்டுவிடும்.

என் கீழ் உதட்டின் இடது ஓரமும் மோவாயும் மரத்தே கிடந்ததை முதல் கிளினிக்கில் சொன்னபோது "ஊசி மருந்து மெதுவா இறங்கும்" என்றார்கள். மரப்பு ஊசியின் வேலை சில மணி நேரம்தான். மறுநாளும் மரத்திருந்தால் நரம்பு நசுங்கியோ உரசியோ இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் சொல்லி, எந்த இடம் எவ்வளவு என்று குறித்து வைக்கச் சொல்ல வேண்டும். நாக்கின் ஒரு பக்கம் மரத்து ருசி தெரியாமல் போனாலும் அப்படியே, அது வேறொரு நரம்பு. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பிவிடும், மிகச் சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். சரியாகிறதா இல்லையா என்று ஒப்பிட ஆரம்பக் குறிப்பு வேண்டும். இரண்டாவது மருத்துவர் பஞ்சு நுனியால் தொட்டுத் தொட்டு, உணர்வு இல்லாத எல்லையை ஒரு தாளில் வரைந்து தேதி போட்டு வைத்தார்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று உண்டு. மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கம் கூடிக்கொண்டே போவது, காய்ச்சல், குளிர், சீழ் இவை தொற்றின் அறிகுறி, உடனே பார்க்க வேண்டும். எச்சில் விழுங்க முடியவில்லை, நாக்குக்கு அடியில் அல்லது கழுத்தில் இறுக்கமாக வீங்குகிறது, மூச்சு சிரமமாக இருக்கிறது என்றால் பல் கிளினிக்குக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், வீக்கம் மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும். மேல் ஞானப்பல் எடுத்தவர்கள் தண்ணீர் குடிக்கும்போது மூக்கு வழியாக வந்தால், சைனஸுக்கும் வாய்க்கும் நடுவே துளை விழுந்திருக்கலாம். மூக்கைச் சிந்தாமல், தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்மி, மருத்துவரிடம் போக வேண்டும்.

எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் பல்லைத் தொட விடும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

எழுத்தில் புகார் கொடுத்து, என் எக்ஸ்ரேயும் சிகிச்சைக் குறிப்புகளும் நகல் வேண்டும் என்றேன். "அது கிளினிக் ரெக்கார்டு" என்று முதலில் மறுத்தார்கள். விடாமல் கேட்ட பிறகு எக்ஸ்ரே கிடைத்தது. குறிப்புத் தாளில் நான் போன் செய்தது, நேரில் வந்தது, உதடு மரத்ததைச் சொன்னது எதுவுமே இல்லை. இரண்டாவது புகாரை அந்த விடுபட்டவற்றைப் பற்றி, தேதியும் ரசீதும் சேர்த்து எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. மரத்த இடம் உதட்டிலிருந்து விலகி மோவாயில் ஒரு சின்ன வட்டமாகச் சுருங்கியிருக்கிறது. இரண்டாவது மருத்துவர் ஒவ்வொரு முறையும் அதே தாளில் புது எல்லையை வரைகிறார்.