ஷாட்கன் முனையில் ஒரு பச்சைப் புள்ளி: மூன்று வருடம், நான்கு சைட்

போன மாதம் ஆபீஸ் தம்பி ஒருவன் முதல் ஷாட்கன் (ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கி) வாங்கினான். வாங்கிய வாரமே போன். "அண்ணே, முன்னாடி இருக்கிற பித்தளை மணி கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது. பளிச்சுன்னு எரியுற மாதிரி ஒண்ணு மாட்டணும். எது நல்லா எரியும்?" (குழல் முனையில் குறிக்கு உதவும் சின்னக் குமிழ்தான் மணி. அதன் இடத்தில் மாட்டுவதைச் சைட் என்போம்.) நன்றாக எரிவதைத் தேடித்தான் நானும் மூன்று வருடம் காசைக் கரைத்தேன். அவனிடம் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் இருப்பது டெக்சஸில், டாலஸ் பக்கம். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் துப்பாக்கி வாங்கினேன். (எச்-1பி விசாவில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் சட்டத்தைப் படித்துவிடுங்கள். வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு ஏதாவது இல்லாமல் கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.) என்னிடம் இருப்பது மாஸ்பெர்க் 500, 12 கேஜ் (குழல் துளையின் அளவு), 28 அங்குலக் குழல், மேலே ரிப் (குழலின் மேல் நீளவாக்கில் ஓடும் பட்டை). ஒரு சனி விட்டு ஒரு சனி ஸ்கீட், அதாவது எந்திரம் வீசும் களிமண் தட்டுகளைப் பறக்கும்போதே சுடும் விளையாட்டு. செப்டம்பர் பிறந்தால் புறா வேட்டை. இந்த இரண்டுக்கும்தான் என் அனுபவம் பொருந்தும். வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு.

கம்பெனியில் இருந்து வந்த பித்தளை மணியில் எனக்கிருந்த குறை, ஓக் மரங்களின் நிழலில் அது கருத்துப்போவது. அதனால் முதலில் வாங்கியது காந்தத்தில் ஒட்டும் சிவப்பு பைபர், வெளிச்சம் பட்டால் நுனி ஒளிரும் பிளாஸ்டிக் குச்சி வைத்த சைட். ஸ்க்ரூ இல்லை, கழற்றல் இல்லை, ரிப் மேல் வைத்தால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். வாங்கும்போது ரிப்பின் அகலத்தை மட்டும் அளந்து சொல்ல வேண்டும். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்திலேயே அது கங்கு மாதிரி ஜொலித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை 25 தட்டுக்கு 15. வழக்கமாக 19, 20 அடிப்பவன். அதற்கடுத்த முறை 16. தோட்டா சரியில்லை, காற்று, தூக்கம் போதவில்லை என்று ஒவ்வொன்றாகப் பழி போட்டுப் பார்த்தேன். அங்கே வரும் ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர், என் பின்னால் நின்று நாலு தட்டு பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "தட்டைப் பாருங்க. நீங்க மணியைப் பாத்துக்கிட்டிருக்கீங்க."

ஸ்கீட்டில் நாலாவது நிலையத்தில் (நின்று சுடும் இடம்) நின்றால் தட்டு கண்ணுக்கு எதிரே குறுக்காக ஓடும். அதற்கு மூன்று நான்கு அடி முன்னால் குழல் ஓடிக்கொண்டே இருக்கும்போது சுட வேண்டும். கண் தட்டில் இருக்கும்வரை கை தானாக ஓடும். குழல் முனையில் சிவப்பாக ஒன்று கூப்பிட்டால் கண் ஒரு நொடி அங்கே வந்துவிடுகிறது. கண் வந்ததும் கை நின்றுவிடும். குண்டு தட்டுக்குப் பின்னால் போய்விடும். ரைபிளில் முன் சைட்டைக் கூர்ந்து பார்த்துத்தான் சுட வேண்டும், ஷாட்கனில் அதே பழக்கம் ஆளைக் கவிழ்த்துவிடும். இது புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஏறவில்லை, நாற்பது டாலர் தோட்டா செலவழித்த பிறகுதான் ஏறியது.

அந்தக் காந்தச் சைட் மூன்றாம் மாதம் ஒரு மதியம் புல்லுக்குள் எகிறிப் போனது. நான் ரொம்ப நேரம் தேடவில்லை.

இரண்டாவது, பச்சை நிறத்தில் ஒரு நீளமான பைபர், திறந்த சட்டத்துக்குள் அமர்ந்தது. இதற்குப் பழைய மணியைக் கழற்ற வேண்டும். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று தோட்டா அறையையும் மேகசினையும் விரல் விட்டே பார்த்துவிட்டு, குறட்டின் வாய்க்கு ஒரு பழைய பெல்ட் தோல் துண்டைக் கொடுத்து மெதுவாகத் திருகினால் வந்துவிடும். வராமல் அடம் பிடித்தால் முறுக்காதீர்கள். தண்டு உள்ளேயே ஒடிந்தால் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) போக வேண்டியதுதான். தலைவலி மரையில்தான். 6-48, 5-40, 3-56, 2.6 மி.மீ., 3 மி.மீ. என்று ஆளுக்கொரு அளவு. ஒரே கம்பெனியின் வேறு வருடத்துத் துப்பாக்கிக்கே மாறலாம். ஆகவே பெட்டியில் நாலைந்து ஸ்க்ரூ போட்டுக் கொடுக்கும் சைட்டாக வாங்குங்கள். கையால் மூன்று சுற்று தடையில்லாமல் போகிற ஸ்க்ரூதான் உங்களுடையது. ரிப் இல்லாத வெறும் குழல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஸ்க்ரூ நீளமாக இருந்தால் நுனி குழலுக்குள் எட்டிப் பார்க்கும். விரல் நகத்தால் உள்ளே தடவிப் பார்க்காமல் ஒரு தோட்டாகூடப் போடக் கூடாது. மரைக்கு நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், அடுத்த முறை கழற்ற அடுப்புச் சூடு கேட்கும்.

பச்சைக்கு ஏன் மாறினேன் என்றால், விடியற்காலை. புறா போன்ற வலசைப் பறவைகளைச் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாலிருந்து அஸ்தமனம் வரை சுடலாம். எங்கள் பகுதியில் செப்டம்பர் 1 சீசன் திறக்கும், ஒரு நாளைக்கு 15 புறா. அந்த முதல் அரை மணியில் சிவப்பு பைபர் கரிக்கட்டை. வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் செத்துப்போகும், பச்சையும் நீலமும் இன்னும் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். சோளக்காட்டு ஓரத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரின் சிவப்பையும் என் பச்சையையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். என்னுடையது மங்கலாகத் தெரிந்தது, அவருடையது எங்கே என்றே தெரியவில்லை.

பைபருக்குள் விளக்கு எதுவும் கிடையாது. சாயம் கலந்த பிளாஸ்டிக் குச்சி அது. பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தைப் பிடித்து நுனி வழியாகக் கக்குகிறது. எவ்வளவு நீளம் வெளியே தெரிகிறதோ அவ்வளவு பிரகாசம். எவ்வளவு வெளியே தெரிகிறதோ அவ்வளவு சீக்கிரம் உடையவும் செய்யும். என்னுடையது ஒன்பது மாதம் தாங்கியது. ஒருநாள் உறையிலிருந்து இழுக்கும்போது ஜிப்பில் மாட்டிப் பட்டென்று போனது. அதற்கு முன்னாலேயே அதன் முகம் மங்கியிருந்தது, காரணம் நான்தான். குழல் துடைக்கும் ரசாயனத்தை நுனியிலும் தாராளமாக அடித்துவிட்டேன். சில கரைப்பான்கள் இந்தப் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். இப்போதெல்லாம் சுத்தம் செய்வதற்கு முன் சைட்டின் மேல் ஒரு சுற்று டேப்.

அந்த நீளச் சைட்டில் இன்னொரு வம்பும் இருந்தது. பழைய மணியைவிட 3 மி.மீ. உயரம். 3 மி.மீ. என்ன செய்துவிடும் என்றுதான் நினைத்தேன். என் கண்ணிலிருந்து சைட் வரை சுமார் ஒரு மீட்டர். 35 மீட்டரில் அந்த 3 மி.மீ. பத்து சென்டிமீட்டருக்கு மேல் ஆகிவிடுகிறது. இங்கே சுடும் தட்டின் விட்டமே 108 மி.மீ. (களிமண் என்பது பெயரில் மட்டும், உள்ளே சுண்ணாம்புக்கல் தூளும் தாரும்.) முன் சைட் உயர்ந்தால் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரக் குழலைத் தாழ்த்துவோம், குண்டு கீழே போகும். பெரிய காகிதம் கட்டிச் சுட்டுப் பார்த்த அன்றுதான் எனக்கு விளங்கியது.

மூன்றாவதாக ட்ரிட்டியம் என்ற கதிரியக்க வாயு வைத்த ஒன்றை நண்பரிடம் கடன் வாங்கி இரண்டு வாரம் பார்த்தேன். இருட்டிலும் தானே ஒளிரும், பேட்டரி வேண்டாம். ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12 வருடம் சொச்சம், அதாவது அதற்குள் ஒளி பாதியாகக் குறைந்துவிடும். ராத்திரி வீட்டில் சத்தம் கேட்டு எழுகிறவருக்கு இது சரி. அஸ்தமனத்தோடு துப்பாக்கியை உறையில் போட வேண்டிய எனக்கு எதற்கு? திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது இருப்பது நாலாவது. சின்னப் பச்சைப் பைபர், முக்கால்வாசி இரும்புக் கூட்டுக்குள், பழைய மணியின் உயரமேதான். 20 டாலருக்கும் கொஞ்சம் குறைவு. கடையில் ட்ரூகுளோ, ஹைவிஸ் கம்பெனிச் சைட் வரிசையில் இருந்ததிலேயே மங்கலானது எதுவோ அதைக் கேட்டு வாங்கினேன். கவுண்டரில் இருந்த பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கூட்டுக்குள் இருப்பதால் முகத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சரியாக வைத்தால்தான் பச்சை தெரியும், தலை தூக்கினால் மறைந்துவிடும். பதினாறு மாதமாகிறது, உடையவில்லை, மங்கவில்லை. என் எண்ணிக்கை 20, 21-இல் நிற்கிறது. அந்த ஒன்று கூடியதற்குச் சைட் காரணமா, பெரியவரா என்று கேட்டால் பெரியவர் என்றுதான் சொல்வேன்.

தம்பிக்கும் இதையே வாங்கச் சொன்னேன். அதற்கு முன், முதல் ஐநூறு தோட்டா அந்தப் பித்தளை மணியோடே சுடு என்றும் சொன்னேன். கேட்க மாட்டான்.

ஒரே ஒரு குறை. குளிர்காலத்தில் நாலு மணி வெயில் இடப்பக்கம் சாய்ந்து விழும்போது பைபர் ஒரு ஓரமாகக் கொதித்து எரிகிறது, புள்ளி இடம் மாறியது போல ஒரு தோற்றம். கூட்டின் இடப்பக்கத் திறப்பில் மகளின் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிட்டேன். மழையில் நனைந்தால் அழியும், திரும்ப இழுக்க வேண்டும்.