ஷோமேன்ஸ் எஞ்சின் மாதிரிகள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

இங்கிலாந்தில் ராட்டினங்களையும் ஊஞ்சல் படகுகளையும் ஊர் ஊராக இழுத்துச் சென்று, சேர்ந்த இடத்தில் அவற்றின் விளக்குகளுக்கு மின்சாரமும் கொடுத்த நீராவி வண்டிகளை ‘ஷோமேன்ஸ் எஞ்சின்’ என்பார்கள். அவற்றின் சிறு மாதிரிகளில் இரண்டைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன்.

முதலாவது, பொம்மை தயாரித்த லெஸ்னி நிறுவனம் ‘மாடல்ஸ் ஆஃப் யெஸ்டர்இயர்’ வரிசையில் 1958-இல் வெளியிட்ட ஒய்-9. லீட்ஸ் நகரின் ஃபௌலர் நிறுவனம் செய்த எஞ்சினை 80-இல் ஒரு பங்காகச் சுருக்கிய இந்த உலோக வார்ப்பு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அரக்குச் சிவப்பு உடல், வெளிர்நிற நீள் கூரை, பொன்வண்ணத் தூண்கள் என்று அலமாரிக்கு அழகு சேர்ப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. பழைய பொருள் விற்பவர்களிடம் வாங்குவோர் சக்கர அச்சின் முனைகளைப் பார்க்க வேண்டும். அங்கே வண்ணம் படிந்திருந்தால் பின்னாளில் யாரோ பூசியது என்று சந்தேகிக்கலாம்.

இரண்டாவது, உண்மையிலேயே நீரைக் கொதிக்கவைத்து ஓடும் மாதிரி. என் கருத்தில் இந்த வகைக்கு நியாயம் செய்வது இதுதான். அசல் எஞ்சினில் புகைபோக்கிக்கு முன்னே ஒரு மேடையில் டைனமோ அமர்ந்திருக்கும். பக்கத்திலுள்ள பெரிய சுழல்சக்கரத்திலிருந்து நீண்ட பெல்ட் வந்து அதைச் சுழற்ற, பெரும்பாலும் 110 வோல்ட் நேர்மின்சாரம் (டி.சி.) கிடைக்கும். முறுக்கிய பித்தளைத் தூண்களும் தங்கக் கோடுகளும் கூட்டத்தை ஈர்ப்பதற்கானவையே. நடமாடும் மின்நிலையம் என்பதுதான் அதன் உயிர். ஆகவே டைனமோவை ஒப்புக்கு ஒட்டிவைத்த மாதிரிகளுக்கு, அவை எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், நான் அதிக விலை கொடுப்பதில்லை.

திட எரிபொருள் வில்லைகளைப் பற்றவைத்து, அழுத்தம் ஏறியதும் சுழல்சக்கரத்தை விரலால் ஒருமுறை தள்ளிவிட்டால், சிலிண்டரில் தேங்கிய நீரைத் துப்பிவிட்டு எஞ்சின் ஓடத் தொடங்குகிறது. விளக்குகளை இணைத்த நொடியில் அதன் சத்தம் கனத்து வேகம் தணிவதைக் காதாலேயே அறியலாம்; வெளிச்சத்துக்கான விலையை நீராவி கொடுப்பது அந்த இடத்தில்தான் புரிகிறது. இழை பல்புகளுக்குப் பதிலாக எல்இடி பொருத்தினால் சுமை வெகுவாகக் குறையும். ஆனால் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டும்போது டைனமோவின் மின்முனைகள் மாறிவிடுவதால் எல்இடி எரியாது. இழை பல்புக்கு அந்தக் கவலை இல்லை. அதன் மஞ்சள் ஒளிதான் பழைய சந்தைக்குப் பொருந்துகிறது என்பதாலும் நான் இழை பல்புக்கே திரும்பிவிட்டேன்.

பராமரிப்பில் தொல்லை தருவது பெல்ட்தான். சிலிண்டரிலிருந்து தெறிக்கும் எண்ணெயும் வெந்நீரும் அதன்மேல் பட்டதும் வழுக்குகிறது, விளக்கு மங்குகிறது. ஓட்டி முடித்ததும் பெல்ட்டையும் கப்பியையும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவைப்பது நல்லது. கொதிகலனுக்குக் காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதையும் ஊற்றவேண்டாம். குழாய் நீரின் உப்பு உள்ளே படிந்தால் சுத்தம் செய்வது எளிதல்ல. பற்றவைக்கும் முன் பாதுகாப்பு வால்வின் தண்டை இழுத்து, அது தடையின்றித் திரும்புகிறதா என்று பார்க்கவேண்டும். புகைபோக்கியைச் சுற்றி வண்ணம் கருத்திருப்பதை நான் குறையாக எண்ணவில்லை. ஆனால் அலமாரியில் வைத்து அழகு பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால், இந்தப் பாடெல்லாம் வேண்டாம், ஒய்-9 போதும்.