பி.இ.யும் மிருதங்கமும்: சேலத்துப் பிள்ளை எங்கே சேரலாம்?

பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. விளையாட்டு வீரர்களுக்கு அதில் தனி ஒதுக்கீடு உண்டு, முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கும் உண்டு. ஆறு வயதிலிருந்து மிருதங்கம் வாசிக்கிற பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. அதனால் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சேலத்தில் இசை படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே பேச்சுதான்: "இன்ஜினியரிங்கும் நல்லா இருக்கணும், பாட்டும் விட்டுப்போகக் கூடாது. அப்படி எந்த காலேஜ் இருக்கு?"

அப்படித் தேடினால் பட்டியல் சீக்கிரம் தீர்ந்துவிடும். கல்லூரி, குருவின் வீடு, இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் போகும் நேரம், இந்த மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி எடை போடுவதுதான் சரி என்பது என் கட்சி. அப்படிப் பார்த்தால் தரவரிசையில் மேலே இருக்கிற சில இடங்கள் கீழே இறங்கும். இரண்டு பேரை மனதில் வைத்துக்கொள்வோம்: அம்மாப்பேட்டையில் மிருதங்கம் கற்கும் ஒரு பையன், ஏற்காட்டு உறைவிடப் பள்ளியில் பியானோ கிரேடு தேர்வு எழுதும் ஒரு பெண். இருவருக்கும் விடை ஒன்றாக இருக்காது.

சிதம்பரம்: காகிதத்தில் முதலிடம்

ஒரே வளாகத்தில் பொறியியலும் வேண்டும், இசையும் வேண்டும் என்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகம். அங்கே பொறியியல் 1945இல் வந்தது. இசைக் கல்லூரி அதற்கும் மூத்தது. டைகர் வரதாச்சாரியாரும் எம்.எம். தண்டபாணி தேசிகரும் முதல்வர்களாக இருந்த இடம் அது. தமிழிசை இயக்கம் கிளம்பியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சேலத்திலிருந்து ஆத்தூர், விருத்தாசலம் வழியாகப் போய்விடலாம்.

ஆனால் இரண்டு புலங்களும் ஒரே காம்பவுண்டுக்குள் இருப்பதாலேயே பி.இ. மாணவன் மிருதங்க வகுப்பில் போய் உட்கார்ந்துவிட முடியாது. இசைக்குத் தனிச் சேர்க்கை, தனி நேர அட்டவணை. இரண்டுமே பகல் நேரப் படிப்புகள். கிடைக்கக்கூடிய லாபம் வேறு: இசை ஆசிரியர்கள் நடந்து போகும் தூரத்தில் இருப்பார்கள், அவர்களில் ஒருவர் சம்மதித்தால் மாலையில் தனியாகப் பாடம் கேட்கலாம். கூடப் பாடவும் வயலின் வாசிக்கவும் இசை மாணவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். மகா சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி வேறு. இசைக்கு நல்ல இடம், வேலைவாய்ப்பில் சென்னைக் கிண்டி பொறியியல் கல்லூரியோடு சேர்த்துப் பேச முடியாது. எனக்கு இது இரண்டாவது வரிசைதான்.

சென்னை: எந்தச் சென்னை?

மிருதங்கப் பையனுக்கு என் முதல் தேர்வு கிண்டி பொறியியல் கல்லூரி. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்த கல்லூரி என்ற பெருமைக்காகச் சொல்லவில்லை. அங்கிருந்து, கச்சேரிகளும் சபாக்களும் நிறைந்த மயிலாப்பூர் பக்கம். மிருதங்கத்தைத் தனியாகக் கற்கலாம், ஆனால் தனியாக வாசித்தே வளர முடியாது. பாடுகிறவர் வேண்டும், வயலின் வேண்டும், பாட்டு நின்றதும் தனி ஆவர்த்தனத்தை, அதாவது மிருதங்கம் மட்டும் வாசிக்கும் பகுதியை, காது கொடுத்துக் கேட்டு எங்கே தாளம் நழுவியது என்று சொல்ல ஆள் வேண்டும். சேலத்தில் நல்ல வாத்தியார் கிடைப்பார். வாரம் நான்கு பேரோடு உட்கார்ந்து வாசிக்கிற வாய்ப்பு அங்கே மயிலாப்பூர் அளவுக்கு அமையாது.

இன்னொன்று, யாரும் பேசாத விஷயம்: ரிப்பேர். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலை மூட்டு தேய்ந்துபோனால் அதை மாற்றித் தரும் கைவினைஞர் ஊருக்கு ஊர் கிடையாது. மயிலாப்பூர் பக்கம் இருக்கிறார்கள், தஞ்சாவூர் பக்கம் இருக்கிறார்கள். மூட்டை ஒரு ஊரில் கொடுத்துவிட்டு இன்னொரு ஊரில் இன்டர்னல் தேர்வு எழுதுகிற பாட்டைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

சிக்கல்களும் உண்டு. நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் தேர்வு. மார்கழி சீசன் டிசம்பர் நடுவில் சூடு பிடிக்கும்போது பிள்ளை தேர்வு ஹாலில் உட்கார்ந்திருப்பான். வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும் என்பதால் மதியக் கச்சேரிக்குப் பக்கவாத்தியம் என்று ஒவ்வொரு முறையும் வகுப்பை விட்டுப் போக முடியாது. ஹாஸ்டல் அறையில் தொப்பிக்கு (மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலுக்கு) ரவை பூசிக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வாசிக்க ஆரம்பித்தால் பக்கத்து அறைக்காரன் என்ன சொல்வான் என்பதையும் யோசிக்க வேண்டும். சேருவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது: மாலையில் பூட்டாமல் இருக்கும் அறை ஒன்று கிடைக்குமா?

சென்னை என்று போர்டில் போட்டிருந்தால் மட்டும் போதாது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு மின்சார ரயில் இருக்கிறது, சமாளிக்கலாம். களவாக்கத்திலோ காட்டாங்கொளத்தூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ உள்ள கல்லூரி என்றால், படிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், மயிலாப்பூருக்குப் போய்த் திரும்பவே ஒரு மாலை முழுக்கப் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் லட்சங்களைக் கட்டிச் சேர்ந்துவிட்டு வாரம் ஒரு நாள் ஆன்லைனில் பாடம் கேட்பதற்கு, சேலத்திலேயே இருந்துவிடலாம்.

கிண்டிக்கு அடுத்த மதில் ஐ.ஐ.டி. மெட்ராஸ். 2025-26 கல்வியாண்டிலிருந்து அங்கே நுண்கலை, பண்பாட்டுத் திறனுக்கென்று தனிச் சேர்க்கை வந்திருக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் கூடுதலாக இரண்டு இடங்கள், அதில் ஒன்று பெண்களுக்கு. தேசிய அளவிலான விருது, உதவித்தொகை போன்றவற்றை வைத்துத் தனிப் பட்டியல் போடுகிறார்கள். இதைக் கேட்டதும் ஜே.இ.இ. இல்லாமலே உள்ளே போகலாம் என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள், ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தகுதி பெற்றிருந்தால்தான் அந்தப் பட்டியலுக்கே வர முடியும். தொழில்நுட்பமும் சங்கீதமும் சந்திக்கிற ஆராய்ச்சியும் அங்கே நடந்திருக்கிறது: 2011இல் பார்சிலோனாவைத் தலைமையாகக் கொண்டு தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டத்தில் கர்நாடக இசையைக் கணினி வழி ஆராய்ந்த குழு இங்கேதான் இருந்தது. 2024இல் இளையராஜா பெயரில் இசை ஆராய்ச்சி மையத்துக்கும் அடிக்கல் நாட்டினார்கள். கிட்டார் பிரசன்னா கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தது இந்த வளாகத்தில்தான். அதன் பிறகே பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனார். இடம் கிடைத்தால் கேள்வியே வேண்டாம். கிடைப்பதுதான் கேள்வி.

மற்ற ஊர்கள்

திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டுக்கு. நாமக்கல் வழியாகப் போனால் வீட்டுக்கும் ரொம்பத் தூரமில்லை. வளாகம் இருக்கும் துவாக்குடி தஞ்சாவூர் சாலையில் இருப்பதால் சனி, ஞாயிறில் தஞ்சையில் பாடம் கேட்கலாம், ஜனவரியில் திருவையாறு ஆராதனைக்குப் போகலாம். தஞ்சாவூர் மிருதங்க பாணியில் ஊறிய குரு கிடைத்தால் கிண்டிக்கு இது சளைத்ததல்ல. கோவையில் பீளமேட்டுக் கல்லூரிகள் பொறியியலுக்கு நன்றாகவே இருக்கின்றன, அரசு இசைக் கல்லூரியும் ஊரில் உண்டு, வாரக்கடைசியில் ரயில் பிடித்து ஊருக்கு வந்து பழைய குருவிடமே பாடம் தொடரலாம். பெங்களூருவில் ராமநவமிக் கச்சேரிகள் அருமை. வெளி மாநிலத்தாருக்குத் தனியார் கல்லூரிக் கட்டணம் அருமையாக இல்லை.

சேலத்திலேயே இருந்தால்

இதைக் கடைசிப் புகலிடம் மாதிரிப் பேசுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கருப்பூரில் 1966இலிருந்து அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, கட்டணம் குறைவு. ஊருக்குள் சோனா இருக்கிறது. பத்து வருடமாக ஒரே குருவிடம் கற்கும் பையன் புது ஊரில் புது குருவிடம் போனால் முதலில் நடப்பது என்ன? "கையை மாத்தணும்பா" என்று சொல்லி, முதல் பாடமான த தி தொம் நம்மிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். பாணி வேறு, விரல் விழும் இடம் வேறு. முதல் செமஸ்டர் கணிதப் பாடத்தோடு இதுவும் சேர்ந்தால் எது முதலில் அரியர் விழும் என்று சொல்லத் தேவையில்லை. குருவோடு நல்ல ஒட்டுதல் இருக்கிறது, இன்னும் இரண்டு மூன்று வருடப் பாடம் பாக்கி என்றால் கருப்பூரில் சேர்ந்துவிட்டு, மேற்படிப்புக்கோ வேலைக்கோ சென்னை போகலாம். குருவே "என்னிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டால் கிளம்ப வேண்டியதுதான்.

சேலத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளியும் உண்டு. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், மிருதங்கம் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அது பகல் பள்ளி. பி.இ.யோடு சேர்த்துப் போக முடியாது.

தலைகீழ் வழி

இசையை முழுநேரமாகப் படித்துக்கொண்டு தொழில்நுட்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமே? 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க அனுமதி கொடுத்தது. ஒன்று நேரில், இன்னொன்று தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டையும் நேரிலேயே கூடப் படிக்கலாம். ஆகவே திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் பட்டம், கூடவே ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பி.எஸ். இதற்கு ஜே.இ.இ. தேவையில்லை, அவர்களே நடத்தும் தகுதிச் சுற்று போதும். நடுவில் டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளவும் வழி உண்டு.

பி.இ. என்று குறிப்பிட்டுக் கேட்கிற வேலைக்கு இது பி.இ. ஆகாது. மெக்கானிக்கல், சிவில் ஆசைக்கும் பயன்படாது. ஆனால் இசைதான் முதல், சோற்றுக்கு நிரல் எழுதத் தெரிந்தால் போதும் என்று தெளிவாக இருக்கும் பிள்ளைக்கு மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது நேர்மையான ஏற்பாடு. பெற்றோரிடம் இதைச் சொல்லிச் சம்மதம் வாங்குவது தனிக் கச்சேரி.

ஒலிப்பதிவுதான் ஆசை என்றால் தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியின் ஒலிப்பதிவுப் படிப்பைப் பாருங்கள். அதற்காக நான்கு வருடம் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வர வேண்டியதில்லை.

ஏற்காட்டுப் பெண்

மலைமேல் மேற்கத்திய சங்கீதத்துக்கு ஒரு தனிப் பாரம்பரியம் இருக்கிறது. மான்ட்ஃபோர்ட் 1917இலிருந்து நடக்கும் பள்ளி, சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் அதற்கும் முந்தியது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்கெனவே ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணுக்கு ஊர் மாறுவது பெரிய விஷயமில்லை. பியானோவைத் தூக்கிக்கொண்டு போக முடியாதுதான். 88 கட்டை டிஜிட்டல் பியானோவும் ஹெட்போனும் இருந்தால் மிருதங்கக்காரனைவிட ராத்திரி சாதகம் இவளுக்குச் சுலபம். சென்னை என்றால் கிண்டியும், 2008இல் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியின் சூழலும் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். மற்ற ஊர்கள் பியானோவுக்கு அவ்வளவாக உதவாது.

உண்மையான இரட்டைப் பட்டம், அதாவது ஒரே பல்கலைக்கழகம் பொறியியலுக்கும் இசைக்கும் தனித்தனியாகப் பட்டம் கொடுப்பது, அமெரிக்காவில்தான் பழகிய ஏற்பாடு. பொதுவாக ஐந்து வருடம். நார்த்வெஸ்டர்னில் இரண்டு பள்ளிகளும் எவன்ஸ்டன் வளாகத்திலேயே இருக்கின்றன. அதுதான் எனக்குப் பிடித்தது. ராச்செஸ்டரின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளி இன்னும் பேர்பெற்றது, ஆனால் பொறியியல் வகுப்புக்கு பஸ் ஏற வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பீபாடியும் அப்படித்தான். கார்னகி மெலனில் இசையும் தொழில்நுட்பமும் சேர்ந்தே ஒரு பட்டமாக இருக்கிறது. செலவு தனியார் பல்கலையில் ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும். பெரிய உதவித்தொகை இல்லாமல் நினைக்கவே வேண்டாம். கிரேடு 8 சான்றிதழ் அங்கே நுழைவாயில் வரைதான் கொண்டுபோகும், அதற்கு மேல் ஆடிஷன், அதாவது வாசித்துக் காட்டும் தேர்வு.

மிருதங்கப் பையனுக்கு இந்தக் கதவு ஏறக்குறைய மூடியதே. விதிவிலக்கு கனெக்டிகட்டில் வெஸ்லியன்: 1960களிலேயே டி. ரங்கநாதன் அங்கே மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார், தென்னிந்திய இசை இன்றும் பாடமாக இருக்கிறது. பொறியியல் துறை அங்கே இல்லை. மூன்று வருடம் அங்கே, இரண்டு வருடம் கொலம்பியா போன்ற இடத்தில் பொறியியல் என்று ஓர் ஏற்பாடு உண்டு.

அந்தப் பக்கம் போவதென்றால் முடிவை ப்ளஸ் ஒன்னிலேயே எடுத்துவிட வேண்டும். பல இடங்களில் ஆடிஷனுக்கு முந்தைய ஒலி, ஒளிப்பதிவை ப்ளஸ் டூ அரையாண்டுத் தேர்வு நேரத்தில் அனுப்ப வேண்டியிருக்கும், ஆடிஷன் ஜனவரி, பிப்ரவரியில் வரும், அதை ஒட்டியே செய்முறைத் தேர்வும் மார்ச்சில் பொதுத்தேர்வும்.